குடியை விட்டவனின் கோபம் யாருடையது?



குடியை விட்ட ஒருவன் முதல் சில மாதங்கள் எரிந்து எரிந்து விழுகிறான். குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளுகிறான். இரவில் உறக்கமில்லை, காரணமின்றி அழுகை முட்டுகிறது. "குடிச்சிட்டு இருந்தப்பவே இதைவிட நல்லா இருந்தாரு" என்று வீட்டில் ஒரு சொல் விழுந்துவிடுகிறது. அவன் மறுபடி கடைப்பக்கம் போக அந்த ஒரு சொல் போதும்.

இந்தக் கோபம் யாருடையது? மதுவின் மிச்சம் என்றால் அவன்மேல் பொறுப்பில்லை. அவன் உண்மைக் குணமே இதுதான் என்றால் விட்டதில் பயனில்லை. இரண்டு பேச்சும் ஊரில் உண்டு. இரண்டும் சரியல்ல.

இருபது வருஷம் குடித்தவன் இருபது வருஷத் துக்கத்தை ஒத்திப் போட்டவன். தகப்பன் செத்தபோது குடித்தான், அழவில்லை. கடன்காரர் வாசலில் நின்றபோது குடித்தான், வெட்கப்படவில்லை. மூடி திறந்ததும் அத்தனையும் ஒன்றாக வெளியே வருகிறது. குறோணியை ஆறு துண்டாக வெட்டியும் அவன் யுகந்தோறும் பிறந்து வந்ததை அகிலத்திரட்டு கேட்ட அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். கலியோ மாயையாய் மனசுக்குள் இருப்பது. புட்டியை உடைத்ததோடு போகாது. ஆக, எழுகிற கோபத்தை அவன் அழைத்து வரவில்லை. ஓங்குகிற கை அவனுடையது. எழுவதற்கும் ஓங்குவதற்கும் நடுவில் உள்ள சிறு இடம்தான் அவன் தவசு. பனையேறிகளுக்கு இது புரியும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது அக்கானி. தடவாத கலயத்தில் அதே பாளையின் நீர் புளித்துக் கள்ளாகிறது.

உடம்பின் தவிப்பு வேறு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்து. அப்போது மருத்துவரிடம் கூட்டிப்போவது அய்யாமேல் நம்பிக்கைக் குறைவாகாது. நெற்றியில் நாமத்தோடே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

துவையல் தவசுக்கு 700 குடும்பத்தாரை வாகைப்பதிக்கு அனுப்பிய அய்யா வைகுண்டர் அவர்களை ஒரே நாளில் தூய்மையாக்கித் திருப்பி அனுப்பவில்லை. நாளுக்கு மூன்று வேளை குளித்து, துணி துவைத்து, பச்சரிசியும் சிறுபயறும் ஒரு வேளை உண்டு கிடந்தார்கள். நேற்றுத் துவைத்த துணியை இன்றும் துவைத்தார்கள். நேற்று அடக்கிய கோபம் இன்று மறுபடி வந்ததென்று கலங்குகிறவனுக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது.

பதியில் கண்ணாடி முன் நிற்பதும் அவனுக்குக் கடினம். தலைப்பாகை கட்டி நிற்கையில் தெரிவது பெண்டாட்டியை அடித்தவன் முகம். சிலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கூச்சம் நல்லதுதான். அதைத் தாங்காமல் குடிப்பதுதான் கேடு.

மனைவி உடனே நம்ப வேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல. வாசலில் அவன் மூச்சை மோந்து பார்க்கிறவளைக் குறை சொல்வோர், அவள் எத்தனை முறை ஏமாந்தாள் என்று எண்ணுவதில்லை. அவளுக்கும் காலம் வேண்டும். அவன் பொறுமைக்கு முதல் சோதனை அந்த வாசலில்தான்.

ஊராருக்கும் வேலை உண்டு. மோசமான நேரம் சாயங்காலம். கால் தானாகப் பழைய வழிக்குத் திரும்பும். நிழல் தாங்கலில் உகப்படிப்புக்கு ஆள் கூடுவதும் அந்த நேரம்தான். புத்திமதி ஒன்றும் வேண்டாம். "அண்ணே, விளக்குக்கு எண்ணெய் ஊத்தணும், கஞ்சிக்குப் பயறு கழுவணும், கொஞ்சம் வாங்க" என்று ஒருவர் அவன் வீட்டு முற்றத்தில் நின்று கூப்பிட்டால் போதும்.