அன்பு கட்டளையாகுமா?

ஒருவனை நோக்கி, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடு என ஆணையிடலாம். பொய்ச்சான்று சொல்லாதே என விலக்கலாம். அன்பு கொள் என ஆணையிடுதல் இயலுமா? கிறிஸ்தவ சமயத்தின் தலையாய கட்டளைகள் இரண்டும் இத்தகையனவே. முழு உள்ளத்தோடும் இறைவனை நேசித்தல் ஒன்று; தன்னை நேசிப்பது போலவே பிறரையும் நேசித்தல் மற்றையது. கொலையையும் களவையும் விலக்கும் கட்டளைகளைக் கைக்கொள்வது எவ்வாறென்பதை யாவரும் அறிவர். நெஞ்சில் தானே ஊறவேண்டிய ஒன்றைச் சட்டமாக விதித்தால் அதனைக் கைக்கொள்வது எங்ஙனம்? அன்பில்லாதவன் அக்கட்டளையைக் கேட்டு என்ன செய்வான்?

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் இவ்வினாவை நேரடியாகவே எதிர்கொண்டார். 1785ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில், உணர்ச்சியாகிய அன்பைக் கட்டளையிட இயலாது என்றும், கடமை கருதிச் செய்யும் நன்மையைக் கட்டளையிடலாம் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். வேதாகமம் கோருவது இரண்டாவதனையே என்பது அவரது முடிபு. தெளிவான விடைதான், எனினும் முழுமையானதன்று. நோயாளிக்கு வேளை தவறாது மருந்து கொடுத்து, ஒருபோதும் அவன் முகத்தை நோக்காத பணியாளன் தன் கடமையைச் செய்தவனே. ஆனால் அன்பு செய்தான் என அந்நோயாளி கூறமாட்டான். கடமைக்கும் கனிவுக்கும் இடையே உள்ள தூரம், கொடுப்பவனைக் காட்டிலும் பெறுபவனுக்கே நன்கு புலப்படும். கான்றின் பகுப்பிலே பெறுபவனின் கண்ணுக்கு இடமில்லை.

தமிழ் மரபு இதனை வேறொரு வகையால் அணுகியது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலின் தொடக்கத்தில் வைத்தார். தொடர்புடையாரிடத்துத் தோன்றுவது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என உரைகாரர் வேறுபடுத்துவர். மனைவி மக்களோடு வாழ்வோனுக்கு முன்னது; பற்றறுத்தோனுக்குப் பின்னது. இந்த ஒழுங்கு மனித இயல்பை நன்கறிந்த ஒழுங்கு. கிறிஸ்தவக் கட்டளையின் கடுமை யாதெனின், அது இவ்வெல்லையை ஏற்க மறுப்பதேயாகும். துறவிக்கு உரியதென நாம் ஒதுக்கி வைத்த அருளை, அடுப்படியிலும் அலுவலகத்திலும் நிற்கும் இல்லறத்தானிடம் அது கேட்கின்றது.

தமிழ் வேதாகமத்தின் சொல்லாட்சியே இதற்குச் சான்று. புரட்டஸ்தாந்தரின் பழைய மொழிபெயர்ப்பு, நேசிக்கப்படவேண்டியவனைப் ‘பிறன்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்றது. பிந்தியது இனிய சொல், மூலத்துக்கும் நெருங்கியது. ஆயினும் முந்தியதில் ஒரு துணிவு உண்டு. ‘அடுத்திருப்பவர்’ என்றவுடன் வேலிக்கு அப்பாலுள்ள பழகிய முகம் நினைவுக்கு வரும். ‘பிறன்’ என்றவுடன் நம்மவரல்லாதவன் வந்து நிற்பான். மொழிபெயர்ப்பாளர் எண்ணிச் செய்தனரோ எண்ணாது செய்தனரோ, நல்ல சமாரியன் உவமையின் சாரம் அச்சிறு சொல்லில் அடங்கிவிட்டது.

வாதத்தை இவ்வளவில் நிறுத்திக் கண்டி மாநகரின் வரலாற்றுக்கு வரலாம். கோவாவின் பெனவுலிம் என்னும் ஊரில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வேடத்துக்குக் காரணம் இருந்தது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்தனர். பின்னர் மலைநாடு ஏறிய அடிகளாரைப் போர்த்துக்கேய ஒற்றரெனக் கருதி, 1692இல் கண்டியில் சிறையிட்டனர். அச்சிறையிலேயே அவர் சிங்களம் கற்றார். காலப்போக்கில் நகருக்குள் நடமாடும் உரிமையும் பெற்றார்.

1697இல் கண்டியில் வைசூரி பரவிற்று. ஜென்னரின் அம்மைப்பாலுக்கு இன்னும் நூறாண்டு இருந்த காலம் அது. நோய் தொற்றக்கூடியது என்பதை மக்கள் அறிந்திருந்தனர். அதற்கு மேல் அவர்கள் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அரசனும் பரிவாரமும் நகரை விட்டகன்றனர். கொப்புளம் கண்டவர்களை வீட்டாரே வெளியேற்றினர்; பலர் காட்டோரங்களில் கைவிடப்பட்டனர். இதனைக் கொடுமை என எளிதிற் பழித்துவிடுதல் நேர்மையாகாது. ஒரு பிள்ளையை வெளியே கிடத்தி மற்ற நால்வரைக் காக்க நினைத்த தாயும் அன்பினாலேயே அதனைச் செய்தாள். தொடர்புடையாரிடத்துச் செல்லும் அன்பு தன் எல்லையை எட்டி நின்ற இடம் அது. அவ்வெல்லைக்கு அப்பால் தொடங்கியது அடிகளாரின் பணி. தம் உறவினரான இளங்குரு யோசேப் டி கர்வாலோவுடன் அவர் நோயாளரைத் தேடிச் சென்றார், குடில்களில் கிடத்தினார், கஞ்சி வார்த்தார், புண் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். சமயம் பார்த்து அவர் எவரையும் ஒதுக்கவில்லை.

மருத்துவ நோக்கில் இதன் பயன் என்ன எனச் சிலர் வினவக்கூடும். வைசூரிக்கு அந்நாளில் மருந்து இருக்கவில்லை என்பது மெய். ஆனால் கைவிடப்பட்டவன் நோயால் மட்டும் சாவதில்லை. நீரின்றியும் பசியாலும் குளிராலும் சாகிறான். வாயருகே நீர் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் பிழைக்கக்கூடியவர் பிழைத்தெழுவர். அருள் என்னும் குழந்தையை அன்பு ஈன்றாலும், அதனை வளர்க்கும் செவிலி பொருளே என்ற கருத்து வள்ளுவரிடம் உண்டு. கண்டியில் அச்செவிலி அரிசியாகவும் விறகாகவும் ஓலைக் கூரையாகவும் நின்றாள். கட்டளையிடக்கூடிய அன்பு எது என்னும் வினாவுக்கு இங்கே ஒரு விடை தென்படுகின்றது. புண்ணைக் கண்டு அருவருப்புக் கொள்ளாதே என எவருக்கும் ஆணையிட முடியாது. அருவருப்போடேனும் நீர் கொண்டு போ என ஆணையிடலாம். முதல் நாள் அருவருப்போடு சென்றவன் பத்தாம் நாளும் அவ்வாறே செல்வான் என்பதற்கில்லை. நல்லன செய்து பழகியே நல்லவராகின்றோம் என்ற அரிஸ்டோட்டிலின் கொள்கை ஈண்டு நினைக்கத்தக்கது. உணர்ச்சி முந்திச் செயல் பிந்தவேண்டும் என்று காத்திருப்போருக்கு அந்நாள் வாராமலே போதலும் உண்டு.

இனி ஒரு தடை எழும். அடிகளார் மதம் பரப்ப வந்தவர். அவர் வார்த்த கஞ்சி ஆன்மாக்களைப் பிடிக்கும் வலையன்றோ? இத்தடையைப் புறந்தள்ளுதல் தகாது. காலனித்துவக் காலத்தில் சோற்றோடும் பள்ளிக்கூடத்தோடும் சமயத்தைச் சேர்த்துக் கொடுத்த கதைகள் இந்நாட்டில் நிரம்ப உண்டு. ஆயினும் இதனை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது: மதம் மாற மறுத்தவனுக்கும் அதே கஞ்சி கிடைத்ததா என்பதே அது. சாகும் தறுவாயில் கிடந்த, எவருமற்ற நோயாளியைச் சேர்த்துக்கொள்வதால் ஒரு திருச்சபைக்குச் செல்வாக்கு ஒன்றும் பெருகாது. அதற்குப் பின் மன்னனின் நன்மதிப்பு வளர்ந்தது உண்மை. சமயம் போதிக்கும் உரிமையும் உறுதிப்பட்டது. ஆனால் விளைவு வேறு, நோக்கம் வேறு. கஞ்சிப் பானையருகே தொற்றுக்கு அஞ்சாது மாதக்கணக்கில் நின்றவரை, இலாபம் கணக்கிட்டவர் எனக் கொள்வதற்குப் பெருந்துணிவு வேண்டும்.

இவ்விடத்தே கிறிஸ்தவர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு செய்தியையும் கூறவேண்டும். அடிகளாரை வேட்டையாடியோர் யார்? ஒல்லாந்தர், அவர்களும் கிறிஸ்தவரே. அடைக்கலம் தந்தவன் யார்? இரண்டாம் விமலதர்மசூரியன், அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, தந்த தாதுவுக்கு மூன்று மாடிக் கோயில் எழுப்பிய பௌத்த மன்னன். ஒல்லாந்தருக்கு அஞ்சி ஓடிய கத்தோலிக்கர் கண்டி இராச்சியத்திலேயே ஒதுங்கி வாழ்ந்தனர். சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் குருவும் லேவியனும் விலகிப் போக, வேற்றுச் சமயத்தானாகிய சமாரியனே நின்று உதவினான். கண்டியின் வரலாற்றில் அந்தச் சமாரியனின் இடம் அடிகளாருக்கு உரியதா, மன்னனுக்கு உரியதா என்பது எளிதில் முடிவு செய்யக்கூடியதன்று. திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயின்ரர் இவ்வுவமையைச் சுவரோவியமாகத் தீட்டியுள்ளார். அதனைக் காணச் செல்வோர் இக்கேள்வியையும் உடன் கொண்டு செல்லலாம்.

யோசேப் வாஸ் அடிகளாரைத் திருச்சபை 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்திற்று. அது மகிழ்ச்சிக்குரியதே, எனினும் புனிதராக்குவதில் ஓர் இடரும் உண்டு. பீடத்தில் ஏற்றிய பின்னர் அவர் செயலை வணங்குவது எளிது, செய்வது அரிது. அன்றியும் வைசூரி நாள்தோறும் வருவதில்லை. அன்றாட வாழ்வின் சோதனை அதனினும் சிறியது. சிறியதாதலாலேயே தப்பித்துக்கொள்ள ஏற்றது. மனிதகுலம் முழுவதையும் நேசிப்பதாகச் சொல்லும் மாணவன், விடுதியில் தன் அறைத்தோழனின் வானொலியைப் பொறுக்கமாட்டான். பேராதனையிலிருந்து கண்டிக்குச் செல்லும் பஸ் வண்டியில் குழந்தையோடு ஏறுபவளைக் கண்டதும் யன்னலுக்கு வெளியே மகாவலியின் அழகை இரசிக்கத் தொடங்கும் கண்கள் எத்தனை! காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்லிக் கண்ட சகோதரனை வெறுப்பவன் பொய்யன் என்ற யோவானின் வாதம் இங்கேதான் தைக்கின்றது. இறையன்பை அளந்து பார்க்க வேறு கருவியில்லை, அயலவனே அக்கருவி.

1983 ஜூலையில் வன்செயல் கண்டிக்கும் பரவியபோது, தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்துக் காத்த சிங்கள அயலவர் பலர். வாசலுக்கு வந்த கூட்டத்திடம் எவருமில்லை எனப் பொய் கூறியவர்களும் அவர்களுள் இருந்தனர். (பொய் எந்நிலையிலும் ஆகாதென்ற கான்றுக்கு இது இடர்ப்பாடு, வள்ளுவருக்கு இல்லை.) அத்துணிவு எங்கிருந்து பிறந்தது? சிலர் முன்பின் அறியாதவரையும் காத்தனர் என்பது மெய். ஆயினும் பண்டிகைப் பலகாரம் வேலியைத் தாண்டிச் சென்று வந்த வீடுகளுக்கிடையே அவ்வாசல் சற்று விரைவாகத் திறந்திருக்கும் எனக் கருதுதல் பொருந்தும். பாற்சோறும் பொங்கலும் அன்று வெறும் உபசாரமாகத் தோன்றியிருக்கலாம்.

எனினும் உபசாரத்தோடு அன்பு நின்றுவிடலாமா? கண்டியைச் சூழ்ந்த மலைகளே இவ்வினாவை எழுப்புகின்றன. ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மக்கள் கால்நடையாக அழைத்து வரப்பட்டனர். வழியில் மாண்டோர் பலர். அவர்களுக்குக் கிறிஸ்தவத்தைப் போதிக்க 1854இல் கண்டியில் ஒரு மிசன் தொடங்கப்பட்டபோது, தோட்டத்துரைமாரும் அதற்கு ஆதரவளித்தனர். போதகர்களுள் மெய்யன்பு கொண்டோர் இல்லாமலில்லை. ஆனால் கூலியை நிர்ணயித்தவனின் பணத்தில், கூலிக்காரனுக்குப் பொறுமையைப் போதிப்பதில் உள்ள முரண்பாடு யாருக்கும் தெரியாமல் இருந்திருக்க முடியாது. குளிரில் நிற்பவனை நோக்கி, சமாதானமாய்ப் போய்க் குளிர் காய்ந்துகொள் என வாழ்த்தி அனுப்புவதால் என்ன பயன் என யாக்கோபு கேட்டது இத்தகையோரைத்தான்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் கதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. உறவுகள் பிரிய அழுகையோடு புறப்பட்ட புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அக்கோச்சியடியில் நின்று சாப்பாட்டுப் பொதி கொடுத்தல் அன்பே. ஆனால் கோச்சி ஏன் புறப்படுகின்றது எனக் கேட்பது அன்பாகாதா? இதனை அரசியல் என ஒதுக்கிய கிறிஸ்தவர் அந்நாளில் பலர். ஒதுக்காதவர்களுள் ஒருவர் இயேசு சபைத் துறவி போல் கஸ்பெர்ஸ். 1972இல் அவர் கண்டியில் நிறுவிய சத்தியோதய நிலையத்தில் சிங்களவரும் தமிழரும், வெவ்வேறு சமயத்தவரும் ஒன்றாகப் பணியாற்றினர். தோட்ட மக்களின் கூலி, குடியிருப்பு, பிரசாவுரிமை என்பன அங்கே ஆராயப்பட்டன. ஆய்வறிக்கை எழுதுவதும் அன்பின் செயலாகலாம் என்பது நம் பல்கலைக்கழகத்தாருக்குச் சற்று ஆறுதல் தரும் செய்தி. நாடற்று எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

நீதி கிடைத்துவிட்டால் அன்புக்கு வேலையில்லை என்பாருமுளர். பிரசாவுரிமை பெற்றவனும் நோயுறுகிறான், தனிமையில் வாடுகிறான். அன்றியும் நீதி கேட்டு எழுதுவோர், யாருக்காக எழுதுகிறார்களோ அவர்தம் லயத்து வாசலில் ஒருமுறையேனும் அமர்ந்து, அவர்கள் நீட்டும் வெறுந்தேநீரைக் கைநீட்டி வாங்கவேண்டும். கொடுப்பதையே அன்பென எண்ணிப் பழகியோருக்குப் பெறுவது எளிதன்று. பெறும்போது மேடும் பள்ளமும் மறைந்துவிடுகின்றன. உவமையில் வரும் காயம்பட்டவனும், தான் இகழ்ந்த இனத்தானின் கையைப் பற்றியே எழுந்திருக்க நேர்ந்தது. யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணக் கரையில் இறங்கியபோது வயிற்றோட்டத்தால் நலிந்து, பிச்சைக்காரராய் வழியிற் கிடந்தார் என்றும், இரங்கிய ஒரு பெண் கஞ்சி வார்த்து அவரைக் காப்பாற்றினாள் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. கண்டியில் அவர் பிறருக்குக் கஞ்சி வார்த்தது அதற்குப் பத்தாண்டுகளின் பின்னர்.