மலைப்பாதையும் தவக்குலும்: நம் ஆபத்தின் சுமை யார் தோளில்?

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஹாங்காங்கில் குளிர்காலம் வந்துவிட்டால் விடுமுறை நாட்களில் மக்கள் மலைக்குப் போகத் தொடங்கிவிடுவார்கள். கோடையில் வெயிலும் ஈரப்பதமும் ஆளை வாட்டும், புயலும் மழையும் குறுக்கே நிற்கும். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்றும் இதமாகிவிடும். இந்த ஊரின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் காட்டுப் பூங்காக்களாகப் பாதுகாக்கப்படுகிறது. 1976-ல் வந்த சட்டம் அதற்கு வழி செய்தது. 1979-ல் திறக்கப்பட்ட 100 கிலோமீட்டர் நீள மெக்லஹோஸ் நடைபாதையின் சில பகுதிகளுக்கு கௌலூனிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போதும். காலையில் ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பினால் மஃரிபுக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பிழைப்புக்காக இங்கு வந்த நம் மக்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். இது நல்ல விஷயம்தான். மலைகள் எப்படி நாட்டப்பட்டிருக்கின்றன என்று சிந்திக்கும்படி ஸூரத்துல் ஙாஷியாவில் அல்லாஹ் நம்மை அழைக்கிறான். பத்துக்குப் பத்து அறையில் வாழ்பவனுக்கு அந்த அழைப்பு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது.

ஆனால் இந்த உலாவுக்குள் மார்க்கம் சார்ந்த ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் மலைக்குப் போகிறவர், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறார். அது தவக்குலா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சுமை யார் தோளில் விழுகிறது?

பனியைப் பார்க்கப் போனவர்கள்

2016 ஜனவரி 24. நம்மில் பலர் தொழும் கௌலூன் மஸ்ஜிதுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் வானிலை ஆய்வகத்தில் அன்று பதிவான வெப்பநிலை 3.1 டிகிரி. 1957-க்குப் பிறகு அவ்வளவு குளிர் இந்த ஊரில் பதிவானதே இல்லை. நகரத்திலேயே இந்த நிலை என்றால் மலை உச்சியில் எப்படி இருந்திருக்கும்? உயரம் கூடக் கூட குளிர் கூடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறைந்துவிடும். ஹாங்காங்கின் மிக உயர்ந்த மலையான தாய் மோ ஷான் 957 மீட்டர். அன்று அதன் உச்சி உறைநிலைக்கும் கீழே போய்விட்டது.

வாழ்நாளில் பனியையே பார்த்திராத மக்கள், உறைபனியைப் பார்க்கும் ஆசையில் மலையேறினார்கள். மழைத்துளி ரோட்டிலேயே கண்ணாடிபோல் உறைந்தது. ஏறியவர்களால் இறங்க முடியவில்லை. அவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களும் அந்தச் சாலையில் நிற்க முடியாமல் வழுக்கி விழுந்தார்கள். காப்பாற்றப் போனவர்களே தவழ்ந்து இறங்க வேண்டிய நிலை வந்தது.

ஏறியவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அழகான ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பாவமும் அல்ல. ஆனால் தங்கள் ஆசைக்கான விலையைத் தாங்கள் மட்டுமே கொடுப்போம் என்று அவர்கள் எண்ணியிருந்தால், அந்தக் கணக்கு தவறு. பனியைப் பார்க்கும் ஆசை ஒருவருக்கு. எலும்பு முறியும் அபாயம் இன்னொருவருக்கு!

திரும்பிப் போவது ஈமான் குறைவா?

நம் இளைஞர்களில் சிலர் சொல்வதுண்டு: "மவ்த்து எழுதியிருந்தால் வீட்டில் இருந்தாலும் வரும். எழுதியிருக்காவிட்டால் மலையில் இருந்தாலும் வராது." பார்ப்பதற்கு ஈமானின் வார்த்தையாகத் தெரியும். இதற்கான பதில் அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களின் வாழ்க்கையில் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் புறப்பட்டு, ஸர்ங் என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தளபதிகள் வந்து சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் தனியாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்தார்கள், பிறகு அன்ஸாரிகளை, பிறகு குறைஷிப் பெரியவர்களை. ஆலோசனைகளைக் கேட்ட பின் திரும்பிவிடுவது என்று அறிவித்தார்கள். அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறோம் என்ற பொருளில் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் பதில். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்றும் விளக்கினார்கள்.

பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் இருக்கும் ஊருக்குள் நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை எடுத்துச் சொன்னபோது, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எச்சரிக்கையும் விதியில் அடங்கியதுதான். அந்தச் செய்தியை உங்கள் காதில் விழச் செய்தவனும் அல்லாஹ்வே. ஆபத்து மட்டும் அவனிடமிருந்து வந்தது, எச்சரிக்கை எங்கிருந்தோ வந்தது என்று பிரிப்பது எப்படிச் சரியாகும்? இந்த ஊரின் வானிலை ஆய்வகம் குளிருக்கும் மழைக்கும் எச்சரிக்கை தருகிறது. காட்டுத்தீ அபாயத்துக்கு மஞ்சள், சிவப்பு என இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. மூமினைப் பொறுத்தவரை அவை கட்டப்படாத ஒட்டகத்தின் கயிறு. கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதே நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த தவக்குல்.

"அது அவர்கள் வேலைதானே?"

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். மீட்பது தீயணைப்புத் துறையின் வேலை. அதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். பிறகு நான் ஏன் வருந்த வேண்டும்?

மலையில் மீட்புக்கு வருகிறவர்களில் சிவில் எய்ட் சர்வீஸின் தன்னார்வலர்களும் உண்டு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஆனால் வருகிற எல்லோரும் சம்பளத்துக்கே வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் இந்த வாதம் நிற்காது. ஒருவர் மீது ஒரு கடமை இருப்பது வேறு. அந்தக் கடமையை அலட்சியமாக அவர் மீது ஏவிவிடும் உரிமை நமக்கு இருப்பது வேறு. மருத்துவருக்கு நோயாளியைக் காப்பது கடமை. அதற்காக நான் வேண்டுமென்றே நோயைத் தேடிக்கொண்டு அவர் வாசலில் நிற்பது சரியாகுமா? தந்தைக்குப் பிள்ளையின் கடனை அடைக்கும் மனமிருக்கிறது என்பது, பிள்ளை ஊதாரியாக இருக்க அனுமதி ஆகுமா?

ஃபிக்ஹ் நூல்களில் நேரடியாகச் செய்வதையும், காரணமாக அமைவதையும் உலமாக்கள் தனித்தனியே ஆராய்கிறார்கள். காரணமாக அமைந்தவர் முழுக்க விடுபட்டவர் அல்லர் என்பதை அந்தச் சட்டங்களைப் படித்தவர்கள் அறிவார்கள். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்ற நபிமொழியின் கருத்து நம் மார்க்கச் சட்டத்தின் பெரும் விதிகளில் ஒன்றாக இருக்கிறது.

கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களுக்குத் தொல்லை தருவானேன், நம் பங்கில் ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள். எண்ணம் கெட்டதில்லை. இடமும் அவர்கள் பங்குதான். ஆனால் கப்பல் எல்லோருக்கும் உரியது. "என் உயிர், என் விருப்பம்" என்பவரும் தன் பங்கில்தான் துளை போடுகிறார்.

அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

இல்லை. ஆபத்தே இல்லாத காரியம் உலகில் எது? கடல் கடந்து வந்ததே ஒரு ஆபத்துதான். நாம் இரண்டை வேறுபடுத்த வேண்டும். முன்னேற்பாடு செய்து, எச்சரிக்கையைக் கேட்டு, அதற்கு மேலும் கால் தவறி விழுந்தவர் ஒருவர். அவருக்கு உதவுவது ஒரு உயிரை வாழவைப்பது. அது மனித குலம் முழுவதையும் வாழவைத்ததற்குச் சமம் என்று ஸூரத்துல் மாயிதா உணர்த்துகிறது. அவர் உதவி கேட்க வெட்கப்படவும் வேண்டாம். தெரிந்தும் அலட்சியமாகப் போனவர் இன்னொருவர். அவரையும் மீட்பது கடமைதான். மீட்கும்போது யாரும் அவரிடம் விசாரணை நடத்தக்கூடாது. ஆனால் அவர் தன் ரப்பிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் நடந்தவர்கள்

இன்னொரு குளிர்கால நாள். 1996 பிப்ரவரி 10. பட் சின் லெங் மலைக்கு ஒரு பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் நடைபயணம் போனார்கள். ஹாங்காங்கின் குளிர்காலம் வறண்ட காலம். வடகிழக்கிலிருந்து வரும் காற்று புல்லைக் காய வைத்துவிடும். தீப்பிடித்தால் அது சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பாயும். அன்று அப்படித்தான் தீ அவர்களைச் சூழ்ந்தது. மூன்று மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள். அந்த இரு ஆசிரியர்களும் மாணவர்களைக் காப்பாற்றும் முயற்சியில் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அந்த மலையில் ஒரு மண்டபம் கட்டப்பட்டிருக்கிறது.

அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் பொறுப்பு என்றால் என்ன என்பதை அவர்களிடம் கற்கலாம். நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்துக்குப் பின்னால் தங்கி, பலவீனமானவர்களை அழைத்து வருவார்கள், தம் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காக துஆ செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்தது அபூதாவூதில் வருகிறது. உச்சிக்கு முதலில் போய் ஃபோட்டோ எடுப்பவரைவிட, மூச்சு வாங்கும் பெரியவரோடு கடைசியில் நடப்பவரே சுன்னத்தைப் பின்பற்றுகிறார்.

நடைமுறையில் என்ன செய்வது?

மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். மலைக்கும் அது பொருந்தும். "திரும்புவோம்" என்று அமீர் சொன்னால் திரும்பிவிட வேண்டும். அதில் வெட்கமில்லை, உமர் (ரலி) அவர்களே திரும்பினார்கள்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; மரங்களுக்கிடையே அதற்கும் முன்பே இருட்டிவிடும். அஸருக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். லுஹரைப் பாதையோரம் ஜமாஅத்தாகத் தொழலாம், நடப்பவர்களுக்கு வழிவிட்டுத் தொழுங்கள். கஸ்ர் செய்யலாமா என்று கேட்கிறார்கள். சுமார் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத்தான் அந்தச் சலுகை என்பது பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. ஊருக்குப் பக்கத்து மலைக்கு அது பொருந்தாது.

சாப்பாட்டைச் சூடாக்க ஆங்காங்கே அடுப்பு மூட்டாதீர்கள். அதற்கென ஒதுக்கிய இடம் தவிர மற்ற இடங்களில் தீ மூட்டச் சட்டத்திலும் அனுமதியில்லை. காட்டுப் பூங்கா நடைபாதைகளிலிருந்து குப்பைத் தொட்டிகளை 2017-ம் ஆண்டு இறுதிக்குள் எடுத்துவிட்டார்கள். உங்கள் குப்பை உங்களோடு வீட்டுக்கு வரட்டும். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், தொல்லையைப் பாதையில் போடுவது எதன் கிளை?

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நம்மைத் தேடி இருட்டில் டார்ச் லைட்டோடு மலையேறும் அந்த மனிதரின் உடலும் அமானிதம்தான். அவருக்கும் வீட்டில் மனைவி காத்திருக்கிறார்; பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மலைக்குக் கிளம்பும்போது அவர் முகத்தையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். அவரை அழைக்கும் அவசியம் வராமல் பார்த்துக்கொள்வதும் ஒரு ஸதகாதான்.

யா அல்லாஹ்! உன் படைப்பின் அழகைக் கண்டு உன்னை நினைக்கும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் பயணங்களையும் எங்களுக்கு உதவ வருபவர்களையும் பாதுகாப்பாயாக! எங்களால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.