வழிகாட்டியும் வழிச்செல்வோரும்

கூலி கொடுத்து ஒருவரை அமர்த்திக்கொண்ட பின், அவர் சொல்லுக்கு நாம் கட்டுப்பட்டவர்களா, நம் விருப்பத்துக்கு அவர் கட்டுப்பட்டவரா? மருத்துவரிடத்தும் வழக்கறிஞரிடத்தும் எழும் வினாதான் இது. ஆனால் அங்கெல்லாம் தவறின் விளைவு தெரிய நாளாகும். ஆல்ப்ஸ் மலையிலோ, ஒரு நாழிகைக்குள் தெரிந்துவிடும்.

பிரான்சு நாட்டு ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை, சிகரங்களின் ஊடே ஒரு பாதை செல்கிறது. ‘ஓத் ரூட்’, அதாவது உயர்வழி, என்பது அதன் பெயர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு ஆறேழு நாட்களில் இதைக் கடக்கிறார்கள். ஏறும்போது பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வர். மயிர் ஒரு பக்கமே சாய்ந்திருப்பதால் பலகை முன்னே நகரும், பின்னே வழுக்காது. இரவில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலுள்ள மலைக்குடில்களில் தங்குவர். பொறுப்பாளர் இல்லாத காலத்திலும் இவற்றுள் பலவற்றில் ஓர் அறை பூட்டப்படாமலே இருக்கும். தங்கியவர் தாமே கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் போகவேண்டும். (பூட்டில்லாத அறையும் பழுதின்றி நிலைக்கிறது என்பது நம்மிற் பலருக்கு வியப்பளிக்கலாம்.)

வெயில் ஏறினால் பனி இளகும். ஆகவே விடியுமுன் புறப்பட வேண்டும். பனியாற்றின் ஆழ்ந்த பிளவுகளை மெல்லிய பனி மூடியிருக்கும். எங்கே கால் வைப்பது, எப்போது கயிற்றால் பிணைத்துக்கொள்வது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் வழிகாட்டியே முடிவு செய்கிறார். உடன் வருவோரின் உயிர் அவர் கையில் அமானிதம்.

அந்த அமானிதத்தைக் காக்க அவரை நாம் விடுகிறோமா என்பதே கேள்வி. 1820ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரஷியப் பேரரசின் பணியிலிருந்த அறிஞர் ஹமெல், மோன் பிளான் சிகரத்தில் ஏற ஷமோனி வழிகாட்டிகளை அமர்த்தினார். வானிலை கெட்டது. வழிகாட்டிகள் தயங்கினர், இறங்கிவிடலாம் என்றனர். ஆயினும் பயணிகளின் ஆவலே வென்றது. மேலே பனிச்சரிவு பெயர்ந்து வந்து, வழிகாட்டிகள் மூவரைப் பிளவுக்குள் தள்ளியது. அமர்த்தியவர்கள் பிழைத்தார்கள், அமர்த்தப்பட்டவர்கள் மாண்டார்கள். மறு ஆண்டே, 1821இல், ஷமோனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். மாண்டோரின் எச்சங்களைப் பனியாறு 1861இல்தான் கீழே கொண்டுவந்து சேர்த்தது. அன்று உயிர் தப்பிய தோழர் ஒருவர், முதுமையில், அவற்றை அடையாளம் கண்டார்.

‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை வழிகாட்டிக்கு உண்டென ஏட்டில் எழுதிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் அன்றைய கூலி குறையுமோ, கோழை என்ற பெயர் வருமோ, அடுத்த ஆண்டு வேறொருவரை நாடுவார்களோ என்ற அச்சம் அவர் நாவைக் கட்டும். பணம் கொடுத்தவர் வாய் திறக்கவே வேண்டாம். முகம் சற்று வாடினாலே போதும், அதுவே கட்டளையாகிவிடும். ஆகவே, வழிகாட்டிக்குக் கீழ்ப்படிவது மட்டும் பயணியின் கடமையன்று என்பேன். அவர் மறுப்பதால் அவருக்கு எவ்விழப்பும் நேராது என்பதைப் புறப்படுமுன்பே சொல்லால் உறுதிப்படுத்துவதும் அவன் கடமை. மறுத்த நாளுக்கும் முழுக்கூலி கொடுப்பது ஈகையன்று, கடன்.

வழிகாட்டியே தவறினால் என்ன செய்வது? மறுக்க முடியாத வினா. 2018 ஏப்ரல் இறுதியில், புயல் வரும் என முன்னறிவிக்கப்பட்டிருந்தும், இதே உயர்வழியில் தீஸ் குடிலிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. அக்குழுவினரும் வேறு சிலருமாகப் பதினால்வர், வின்யெத் குடிலுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் வழி தெரியாமல் இரவெல்லாம் வெட்டவெளியில் கிடந்தனர். எழுவர் இறந்தனர். வழிகாட்டியும் அவர்களுள் ஒருவர். பழி யாருக்கு என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால், நம் அறிவையும் சேர்த்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் நடப்பது நம்பிக்கையாகாது, சோம்பலே.

நல்ல வழிகாட்டிகள் இதை அறிவார்கள். பயணிகள் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறு வானலைக் கருவியை அணிகின்றனர். பனிச்சரிவில் புதைந்தவரை அது தானே மீட்காது. மேலே நிற்பவர் தம் கருவியால் தேடி, கோலால் துழாவி, சவலால் தோண்ட வேண்டும். முதல் பத்து நிமிடங்களில் எடுக்கப்படுவோர் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குன்றிவிடுகிறது. புதைபவர் வழிகாட்டியாகவும் இருக்கலாம் அல்லவா? ஆதலால் புறப்படும் முதல் நாளிலேயே அவர் ஒரு கருவியைப் பனியில் புதைத்துவைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘தேடுங்கள்’ என்கிறார்.