முதல் நாவலும் முதல் பொய்யும்

பிடிக்காத நூலைப் பிடித்தது என்று எழுதுவது குற்றமா? சிறு பிழைதானே என்பர் சிலர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், எலவனாசூர்கோட்டையில் அந்த மாணவியைச் சந்திக்கும் வரையில்.

உழவர் குடும்பத்துப் பெண். அவ்வீட்டிலிருந்து கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். "'பிரதாப முதலியார் சரித்திரம்' எங்களுக்குப் பாடம், ஐயா. தமிழின் முதல் நாவல் என்றார்கள். ஆவலோடு திறந்தேன். கதை ஓரடி நகர்ந்தால், அறிவுரை ஒன்பதடி நடக்கிறது. யானை மாலை போட்டால் அரசுரிமை கிடைக்கிறது! பாதியிலேயே சலித்துவிட்டது. தேர்வில் மட்டும், ஈடு இணையற்ற நூல் என்று மனப்பாடம் செய்ததை எழுதினேன். மதிப்பெண் வந்தது, மனம்தான் உறுத்துகிறது" என்றாள்.

உறுத்தட்டும்! உறுத்துகின்ற மனமே உயிருள்ள மனம்.

குற்றவாளி யார்? அவளா? "இந்நூலின் சிறப்பை விளக்குக" என்று கேட்கிறது வினாத்தாள். சிறப்பு உண்டா என்று அது கேட்பதில்லை. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, சாட்சியத்தைப் பிறகு தேடச் சொல்லும் முறை அது. பதினெட்டு வயதில் பொய்ப் புகழ்ச்சிக்குப் பரிசு பெற்றவர், நாற்பது வயதில் மேடையேறி மெய் பேசுவார் என்று எப்படி நம்புவது?

முதல் என்பது காலத்தைக் குறிக்கும் சொல். தரத்தைக் குறிக்கும் சொல்லன்று. பழமை என்பதற்காகப் பணியாதே என்று ஊரெல்லாம் பேசுகின்ற நாம், பழைய நூலின் முன் மட்டும் கைகட்டி நிற்பது எந்தப் பகுத்தறிவு?

ஆயினும் தங்கையே, சலிப்பும் ஒரு சாட்சிதான். அதையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும். புகழ்ச்சியைக் கண்மூடி ஏற்பது மூடத்தனம் என்றால், சலிப்பைக் கண்மூடி ஏற்பது மட்டும் அறிவுடைமை ஆகிவிடுமோ?

நூலாசிரியர் வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டவர். வழக்காடும் ஏழைக்குத் தன் வழக்கின் முடிவு தன் மொழியில் விளங்கவேண்டும் என்பது அவர் வேட்கை. பெண்கல்விக்காகப் 'பெண்மதி மாலை' இயற்றியவரும் அவரே. செய்யுளே இலக்கியம் என்று செருக்கியிருந்த நாட்டில், உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே 1879இல் இக்கதையை அச்சேற்றினார். அவருக்கு முன்னே தமிழ் நாவல் என்று நடந்த தடம் இல்லை. தடமில்லாக் காட்டில் நடப்பவன், சுற்றித்தான் நடப்பான். நூலில் அறிவுரை மலிந்ததன் காரணம் அது. காரணம் தெரிந்ததால் சலிப்பு நீங்கிவிடாது. ஆனால், சலிப்புக்குக் கண் திறக்கும்.

அந்த யானையையே பார்ப்போம். பட்டத்து யானை மாலையிடுவது பழங்கதை, நகைக்கலாம். ஆனால், அது மாலையிட்டது யார் கழுத்தில்? கணவனைத் தேடி ஆணுடையில் வந்த ஞானாம்பாள் கழுத்தில்! விக்கிரமபுரியை ஆண்டவள் ஒரு பெண். 1879இல் இதை வெளியிடத் துணிவு வேண்டும். ஆனால், பெண்ணாகவே அவளை அரியணை ஏற்ற அந்தத் துணிவு போதவில்லை, ஆண்வேடம் தேவைப்பட்டது. பாராட்டும் குறையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பாராட்டை மனப்பாடம் செய்தவர் குறையைக் காணார். பாதியில் மூடியவர் இரண்டையும் காணார்.

"வேடம் போடாமல் அவள் ஆண்டிருந்தால், ஊர் ஒப்பியிருக்குமா, ஐயா?" என்றாள் அவள்.

இதுவன்றோ கேள்வி! எந்த உரைநூலிலும் இல்லாத, அவளுக்கே உரிய கேள்வி. அதை விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறையலாம். குறையட்டும் என்று நாம் எளிதில் கூறிவிடலாம், இழப்பவள் அவள். ஆகவே ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம்: "எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் இது" என்று எழுதும் மாணவருக்கும் மதிப்பெண் இடுங்கள். ஏழைக்கு விளங்கும் தீர்ப்பு வேண்டும் என்ற முன்சீப்பின் நூலுக்கு, மெய்யான தீர்ப்பைவிடச் சிறந்த காணிக்கை வேறென்ன?