கேட்டு வாங்காத வேலை

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்த சிஸ்டர், தன் வாழ்நாளில் எந்த வேலையையும் தானாகக் கேட்டு வாங்கியதில்லை. மடத்தில் சேரும்போது நர்ஸ் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சபை அவரைக் கணிதம் படிக்க அனுப்பியது. பிறகு பி.எட்., பிறகு பள்ளிக்கூடம். மே மாதம் மாற்றல் கடிதம் வந்தால் ஜூனில் வேறோர் ஊர், வேறொரு வகுப்பறை. அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுச் சம்பளம் அவர் பெயரில் வந்து சபைக்குப் போய்விடும். துறவியரின் இந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பிடிக்கலாம் என்று 2024-இல் முடிந்தது. சட்டத்தின் கணக்கில் அது அவர்கள் சம்பாதித்த பணம். ஆனால் சிஸ்டர் கையில் அது ஒருநாளும் தங்கியதில்லை.

58 வயதில் பணி ஓய்வு வந்தது. சபை அவரை மறுபடியும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பி, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அப்போது என் மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி நூலகம் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வரிசையாக இரும்பு பீரோக்கள், பூட்டு, அந்துருண்டை வாசம். புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாவி வெளியே வராது. சிஸ்டர் முதல் வாரத்திலேயே ஆசாரியை வரவழைத்து பீரோக் கதவுகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். அடுத்து, புத்தகம் அடுக்கும் வேலையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் விமானத்துக்கு எண் 629.13. விண்வெளிப் பயணத்துக்கு 629.4. இரண்டையும் கையில் கொடுத்து வரிசைப்படி வைக்கச் சொன்னால், பிள்ளைகள் ராக்கெட்டைத்தான் முதலில் வைப்பார்கள். நாலு சின்னது, பதின்மூன்று பெரியது என்பது அவர்கள் நியாயம். கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் தீராத குழப்பம் இது. கணக்கு வாத்தியார்கள் எல்லோரும் இதோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். சிஸ்டர் திருத்த மாட்டார். "நாலுக்குப் பக்கத்துல ஒரு சைபர் போட்டுப் பாரு" என்பார். பிள்ளை யோசிக்கும். நாற்பதுக்கு முன்னால் பதின்மூன்று வரவேண்டும் என்று புரிந்ததும் விமானத்தை எடுத்து முன்னால் நகர்த்தும். மூளைக்குப் பிடிபடாததைக் கை பிடித்துக்கொள்ளும். என் மகள் தசமம் படித்தது அந்த அலமாரியின் முன்னால்தான்.

தமிழ் இலக்கியத்துக்கு அந்த முறையில் 894.811 என்று ஆறு இலக்கம். ஆங்கில இலக்கியத்துக்கு 820 போதும். மெலிந்த தமிழ்க் கவிதைப் புத்தகத்தின் முதுகில் அந்த எண் அடங்காது. சிஸ்டருக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. எண்ணை உள்பக்கத்தில் எழுதிவிட்டு, முதுகில் சிவப்புக் காகிதப் பட்டை ஒட்டி 'த' என்று எழுதினார். வாசலுக்கு நேரே இருந்த அலமாரி தமிழுக்குப் போனது.

புத்தகங்கள் தொலைந்தன, தொலையாமல் இருக்குமா? மத்திய அரசின் பொது நிதி விதிகளில் ஒரு விதி இருக்கிறது. ஓராண்டில் எடுத்துப் படிக்கப்படும் 1,000 புத்தகங்களுக்கு 5 தொலைவது இயல்பு, அதில் அலட்சியமோ நேர்மைக் குறைவோ இல்லாதவரை. பள்ளியை அந்த விதி கட்டுப்படுத்தாது. என்றாலும் சிஸ்டர் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தன் பதிவேட்டின் முதல் தாளில் ஒட்டிவைத்திருந்தார். "ஒரு புத்தகம்கூடத் தொலையலைன்னா ஒருத்தரும் படிக்கலைன்னுதான்மா அர்த்தம்" என்று என்னிடம் சொன்னார்.

அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவு வரும். அவரும் கணக்கு வாத்தியார்தான். சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1924-இல் பல்கலைக்கழக நூலகராகப் போனார். பேச ஆளில்லாத அந்த வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிவிடத் துடித்தார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே பொது நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளிகளும் சகஜமாக வந்து போவதைக் கண்டார். 1925-இல் திரும்பியவர் அதன்பின் கல்லூரிப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு நெடுங்காலம் அதே நூலகம். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் 1931-இல் புத்தகமாக்கியபோது, புத்தகம் பயன்படத்தான் இருக்கிறது என்பதை முதல் விதியாக வைத்தார். கழற்றிய பீரோக் கதவுகளைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இதையெல்லாம் சொல்வதால் கீழ்ப்படிதலை நான் கொண்டாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். யாரோ முடிவு செய்ததைப் பெண்கள் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்ட கதைகள் நம் வீடுகளில் ஏராளம். அவற்றில் கருகிப்போன திறமைகளுக்குக் கணக்கில்லை. மடங்களிலும் அப்படி நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். சிஸ்டர் விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. நவதுறவுப் பயிற்சி குறைந்தது ஓராண்டு, தற்காலிக வார்த்தைப்பாடு என்னும் துறவற உறுதிமொழி குறைந்தது மூன்றாண்டு என்று திருச்சபைச் சட்டம் அவகாசம் வைத்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்ப வழியிருந்த அத்தனை ஆண்டுகளையும் கடந்துதான் அவர் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். தேர்வு செய்யாதவர் இல்லை அவர். பெரிய தேர்வு ஒன்றைச் செய்துவிட்டு, சின்னத் தேர்வுகளை விட்டுக்கொடுத்தவர். அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

மகள் பிளஸ் டூ முடித்த கோடையில் வீட்டில் ஓயாத பேச்சு. எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததையே பெரிய குறையாக எண்ணி அழுதாள். அவளையும் கூட்டிக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். உங்களைக் கேட்டிருந்தால் நூலகத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்களா என்று கேட்டேன்.

"நர்ஸுன்னு சொல்லியிருப்பேன். எங்க ஊர்ல நான் பார்த்தது ஆஸ்பத்திரி சிஸ்டர்களைத்தானே. அந்த வயசுல லைப்ரரியை நான் கண்ணால பார்த்ததில்லை. பார்க்காததை எப்படிம்மா கேட்பேன்?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீயும் இன்னும் ரொம்பப் பார்க்கலை பாப்பா. ஏதாவது ஒண்ணுல சேரு. சேர்ந்தபிறகு அரைகுறையா மட்டும் நிக்காதே" என்றார்.

மகள் இப்போது புள்ளியியல் படிக்கிறாள். பிடித்திருக்கிறதா என்று போனில் கேட்பதை விட்டுவிட்டேன். இந்த வாரம் என்ன செய்தாய் என்று கேட்கிறேன். அதற்கு அவள் அரைமணி நேரம் பதில் சொல்கிறாள்.