எவ்வளவு இழுக்கலாம்?

ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் அதிகம் கேட்ட பழமொழி, ‘முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்.’ அடி வாங்கித்தான் படித்தேன், பொறியியல் முடித்தேன், சென்னையில் வேலைக்கும் வந்தேன். அதனால் அந்தப் பழமொழியை வெகுநாள் நம்பினேன். டீம் லீடு ஆனதும் மற்றவர்கள்மேல் பிரயோகித்தும் பார்த்தேன்.

டீமில் புதிதாக இரண்டு பேர். இருவருக்கும் ஒரே கெடு, ஒரே கண்டிப்பு, ஞாயிற்றுக்கிழமையிலும் போன். அந்தப் பெண் ஆறே மாதத்தில் ஒரு மாட்யூலைத் தனியாகத் தாங்கினாள். பையனும் வேலையை முடித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் மீட்டிங்கில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். எட்டாவது மாதம் ராஜினாமா. “அவனுக்குத் தாங்கற சக்தி இல்ல” என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அவள்தான் எனக்கு ஆதாரம்.

அந்தத் தீர்ப்பு தப்பு என்று உறைத்தது, இரு பரிமாணக் குறைக்கடத்திகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில்.

மாலிப்டினம் டைசல்ஃபைடு என்றொரு பொருள். ஒற்றை அடுக்காக உரித்தெடுத்தால் அதன் தடிமன் ஒரு நானோமீட்டரைவிடக் குறைவு. லேசர் பட்டால் ஆழ்ந்த சிவப்பில் ஒளிரும். அதை வளையும் பிளாஸ்டிக் பட்டைமேல் ஒட்டிப் பட்டையை வளைத்தால் அடுக்கு இழுபடும். அணுக்கள் சற்று விலகும். எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி குறையும். 2013இல் வெளியான ஒரு சோதனையில், 1 சதவீத இழுவைக்கு இடைவெளி ஏறத்தாழ 45 மில்லி எலக்ட்ரான் வோல்ட் குறைந்தது. ஒளி மேலும் சிவப்புப் பக்கம் நகர்ந்தது. கூடவே மங்கியது.

அடுத்த ஆண்டு, டங்ஸ்டன் டைசெலினைடின் இரட்டை அடுக்கை இதேபோல் இழுத்துப் பார்த்த முடிவு வெளிவந்தது. அது பல மடங்கு பிரகாசமானது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருட்கள்தான். ஒன்றில் எலக்ட்ரான் நேராக இறங்கி ஒளி தருகிற வழி, இழுக்க இழுக்க அடைபடுகிறது. மற்றதில் அடைபட்டிருந்த வழி திறக்கிறது.

மங்கிய அடுக்கைப் பலவீனம் என்று எந்த இயற்பியலாளரும் திட்டுவதில்லை. உண்மையில் அது கிழிய 6 சதவீதத்துக்கும் மேல் இழுக்க வேண்டும். கிழிவதற்கு ரொம்ப முன்பே ஒளி போய்விடுகிறது, அவ்வளவுதான். நானோ, கிழியவில்லையே என்பதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. பட்டையை வளைத்த அளவெல்லாம் அடுக்குக்குப் போய்ச் சேராது, இடையில் வழுக்கலாம். அதனால் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தனியாக அளக்கிறார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல்தான் அதற்குக் கருவி. கெடுவை மட்டும் எண்ணிய நான், அது அவனுக்குள் என்ன செய்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் பெரியப்பா பறை அடிப்பவர். வைக்கோல் தீயில் பறையைக் காட்டுவார். ஈரம் போய்த் தோல் இறுகும், சுருதி ஏறும். ஊரில் இறுக்கம் என்றால் சுருதி ஏற்றம். மாலிப்டினம் அடுக்கில் இழுவை என்றால் ஒளியின் அதிர்வெண் இறக்கம். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. “இன்னும் கொஞ்சம் காட்டு பெரியப்பா” என்பேன். விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, “போதும்டா தம்பி” என்பார். தீ அவர் கையில்தான் இருந்தது. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தோல்தான் சொன்னது.

இந்த ஒப்புமையையும் ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. தகட்டிடமும் தோலிடமும் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதனிடம் கேட்டாக வேண்டும். அந்தப் பெண்ணிடமும் நான் கேட்கவில்லை. அவள் ஒளிர்ந்ததால் நான் செய்தது நியாயமாகிவிடாது.

போன மாதம் அவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “பரவால்ல ப்ரோ” என்று பதில் வந்தது. பட்டையை நிமிர்த்தினால் அடுக்கு பழைய நிறத்துக்குத் திரும்பும். அவன் திரும்பிவிட்டானா என்று அந்த இரண்டு வார்த்தைகளை வைத்து அளக்க எனக்குத் தெரியவில்லை.