தாயின் எடையும் மனத்தின் சுமையும்

ஞாயிறு திருப்பலிக்குப் பின் கருவுற்ற பெண்கள் ஆசீர் பெற வந்து நிற்பது வழக்கம். அவ்வாறு வந்த ஒருத்தி தலைகுனிந்தபடி கேட்டாள்: "சாமி, எனக்கிருப்பது போசனப்பிரியமா?"

மாதந்தோறும் அவளது எடை மிகுதியாக ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் கடிந்துகொண்டனர், வீட்டில் நகைத்தனர். முன்னொரு கருவை ஐந்தாம் மாதத்தில் இழந்தவள் அவள். இரவில் வயிற்றில் அசைவு தெரியாத வேளையில் அச்சம் பற்றிக்கொள்ளும். எழுந்து எதையேனும் உண்பாள். குழந்தை அசைந்த பிறகே உறங்குவாள்.

தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்றென ஞானோபதேசத்தில் கற்றோம். எனினும் புனித தோமா அக்குவினார் அப்பாவத்தை உணவின் அளவில் வைக்கவில்லை. ஒழுங்கிழந்த ஆசையில் வைத்தார். அச்சத்தால் விளையும் செயல் ஒருவகையில் விருப்பச் செயல், மற்றொரு வகையில் விருப்பமற்ற செயல் என்றும் அவர் பகுத்துரைத்தார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் ஆகியவை ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1735-ஆம் எண்ணில் ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறாயின், அப்பெண் உண்டது ஆசையினாலா, அச்சத்தினாலா?

இயல்பான எடையுள்ள பெண் ஒரு குழந்தையைச் சுமக்கையில் 11.5 முதல் 16 கிலோ வரையிலும், மெலிந்தவள் 12.5 முதல் 18 கிலோ வரையிலும் எடை கூடலாம் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் பரிந்துரைத்தது. குழந்தையின் எடை இதில் ஒரு பகுதியே. நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருகும் இரத்தம், பாலூட்டுவதற்கெனச் சேரும் கொழுப்பு ஆகியவையும் இதில் அடங்கும். அளவு மிஞ்சினால் குழந்தை பெருத்துப் பேறு கடினமாகலாம். குறைந்தால் குழந்தை எடை குன்றிப் பிறக்கலாம். ஆகவே எடை பார்ப்பது தேவையே.

ஆனால் தராசு எவ்வளவு என்று சொல்லுமேயன்றி ஏன் என்று சொல்லாது. மனச்சோர்வு ஒருத்தியின் பசியை அடக்கும்; இன்னொருத்தியை ஓயாது உண்ணத் தூண்டும். கவலையால் உறக்கம் கெட்டாலும் உண்ணும் ஒழுங்கு குலையும். நம் ஊர்களில் இதன் மறுபக்கத்தையும் காண்கிறோம். "பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு, அரைவயிறு உண்ணும் பெண்கள் உண்டு. இவள் அஞ்சி மிகுதியாக உண்கிறாள். அவள் அஞ்சிக் குறைவாக உண்கிறாள். எடை நேர்மாறானாலும் வேர் ஒன்றே.

இதனால் எல்லா எடை மாற்றத்திற்கும் மனமே காரணம் என்று கொள்ளலாகாது. முகமும் கைகளும் வீங்கித் திடீரென எடை ஏறினால், அது இரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரைக் காண வேண்டும். எடையேற்றம் பாவமன்று என்பதால் கவனமும் வேண்டாம் என்றாகாது. குற்றஞ்சாட்டுதல் கவனமாகாது என்பதே என் கருத்து. ஏளனத்துக்கு அஞ்சும் பெண் மறைவில் உண்பாள். அடுத்த பரிசோதனைக்குச் செல்லவும் தயங்குவாள்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இரண்டு கருவுற்ற பெண்களைக் காண்கிறோம். எலிசபெத்து ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாதிருந்தார். மலைநாட்டுக்கு விரைந்து சென்ற மரியா, ஏறத்தாழ மூன்று மாதம் அவருடன் தங்கினார். அவர் அறிவுரை கூறியதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. உடனிருந்தார் என்றே எழுதுகிறார்.

அப்பெண்ணிடம், "இது பாவமன்று, அம்மா. இழந்த குழந்தையைப் பற்றியும் இரவில் வரும் அச்சத்தைப் பற்றியும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல். அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியும்வரை காத்திராதே, உடனே மருத்துவமனைக்குப் போ" என்றேன். சற்றுத் தள்ளி நின்ற அவள் கணவரை அழைத்து, "இரவில் அவள் எழும்போது நீரும் எழுந்து அருகில் அமரும்" என்றேன். அவள் இரவில் எழுவதே தமக்குத் தெரியாது என்றார் அவர்.